மண்ணும் மாழையும்

நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றற்கும் தெய்வம், உணவு, மரம், புள், பறை, தொழில் என்றின்னவற்றை உரிமை செய்தவர் தமிழர். முதற்பொருள் எனத் தொல்காப்பியனார் கூறியவை நிலமும் பொழுதும் ஆகிய இரண்டே. அவ்விரண்டையும் அறியாதவன் பாட்டின் பொருளை அறியான் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் ஓதுவித்து வருகிறோம். இவ்விலக்கணத்துக்கும் மின்கலத்தால் இயங்கும் ஒரு கருவிக்கும் உறவென்ன என்று வாசகர் வினவக்கூடும். உறவு உண்டு. மண்ணுள் மறைந்துள்ள மாழையை, அதாவது உலோகத்தை, ஒலியெழுப்பிக் காட்டும் கருவியும் தான் நிற்கும் நிலம் யாது, பொழுது யாது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். அறியாவிடின் அது பொய் சொல்லும். நம் நாட்டின் வடபால் நிலங்களில் அப்பொய் ஒருவருடைய காலை வாங்கிவிடும்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்து என்னிடம் ஆறாண்டு தமிழ் கற்ற மாணவர் ஒருவர், கிளிநொச்சி மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் பணியில் இருக்கிறார். பொங்கலுக்குத் தாயைக் காண வந்தவர் பதுளையில் என் இல்லத்துக்கும் வந்தார். உரையாடல் அவருடைய தொழிலைப் பற்றித் திரும்பிற்று. 'அந்தக் கருவியை மண்ணிலே வைத்ததும் வெடி இருக்கும் இடம் தெரிந்துவிடுமோ?' என்று வினவினேன். அவர் சிரித்தார். 'இல்லிங்க சேர். முதல்ல மண்ணைக் கேக்கணும். அப்புறந்தான் வெடியைக் கேக்கணும்' என்றார். அன்று அவர் விளக்கியவற்றையும், பின்னர் என் கல்லூரி விஞ்ஞான ஆசிரியரோடு அமர்ந்து நான் தெளிந்துகொண்டவற்றையும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கருவியின் அமைப்பு எளியது. நீண்ட கோலின் அடியில் வட்டமான ஒரு கம்பிச்சுருள் உண்டு. அதில் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக ஆடிப் பாய்கிறது. அதனாற் சுருளைச் சூழ ஒரு காந்தப்புலம் எழுந்து எழுந்து மடிகிறது. அப்புலத்துள் ஓர் உலோகத்துண்டு அகப்படின், அதனுள் நீர்ச்சுழிபோலச் சிறுமின்னோட்டங்கள் தோன்றும். அச்சுழிகள் தமக்கெனவும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்த எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து காதுக்கு ஒலியாகத் தருகிறது. மலையை நோக்கிக் கூவினாற் கேட்கும் எதிரொலியை ஒப்பது இது. வெடியைக் கருவி காண்பதில்லை. தன் குரலுக்கு வந்த மறுமொழியையே கேட்கிறது.

எதிரொலி ஒன்றே வருமாயின் இடரில்லை. கூவிய குரலுக்கு மலையும் விடைதரும், மரமும் விடைதரும். 1881 ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 2 ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். உடலுள் தங்கிய குண்டைக் கண்டறியத் தொலைபேசி கண்ட கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றை அமைத்துச் சென்றார். முயற்சி கைகூடவில்லை. நோயாளி கிடந்த மெத்தையினுள் இருந்த உருக்குச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர். மருத்துவர் உடலின் ஒரு பக்கத்தை மட்டுமே ஆராய விட்டமையும் ஒரு காரணம். செப்டெம்பர் 19 ஆம் நாள் கார்பீல்டு மறைந்தார். பெல்லுக்கு அன்று மெத்தை இடராயிற்று. வெளியில் நின்று தேடுவோர்க்கு மண் இடராகிறது.

மண் உலோகமன்று. ஆயினும் அதனுள் இரும்பு உண்டு. செம்மண்ணின் செம்மையே இரும்புக்கும் காற்றுக்கும் நேர்ந்த உறவின் நிறம். செந்நிறம் தரும் இரும்புச் சேர்வை அத்தனையும் கருவியைக் குழப்புவதில்லை என்பதை இங்குக் கூறவேண்டும். துருவின் வகைகள் பல. அவற்றுட் சில காந்தத்துக்குப் பெரிதும் அசையா. மக்னடைற்று, மக்கெமைற்று எனப்படும் இரு கனியங்களே குழப்பத்தின் வேர். முன்னது பாறையிலிருந்து உதிர்வது. பின்னது வெப்பநாட்டு மண் நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் பக்குவப்படுவதாலும், மேல்மண் தீயில் வேகுவதாலும் பிறப்பது. ஆகவே சிவந்த மண் யாவும் கடிய மண் அன்று; கறுத்த மண் யாவும் எளிய மண்ணும் அன்று. கண் இதற்குச் சான்றாகாது.

ஐயமுள்ள மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். பள்ளித் தோட்டத்தின் மண்ணை வெயிலிற் காயவைத்துப் பொடியாக்கி, காந்தக்கட்டை ஒன்றை மெல்லிய கடதாசியிற் சுற்றி அதனுள் இழுத்தால், கரும்பொடி மயிர்போலச் சிலிர்த்து ஒட்டிவரும். பதுளையில் எங்கள் கல்லூரி வளவு மண்ணில் நாங்கள் செய்தபோது மேட்டு மண் தந்த அளவைப் பள்ளத்து மண் தரவில்லை. இரண்டற்கும் இடையே முப்பது அடி தூரமும் இராது.

இனி, கருவியை மண்ணுக்கு இசைவித்தலாகிய செயலுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் தொடரை நிலச்சமனாக்கம் என்று மொழிபெயர்க்கலாம். வீணை வாசிப்பவர் பாடுவோரின் குரலுக்கேற்பச் சுருதி கூட்டுவதை இதற்கு உவமையாகச் சொல்லலாமெனினும் உவமை முழுதும் பொருந்தாது. அங்கே குரலோடு இசைவது நோக்கம், இங்கே மண்ணின் குரலைக் கேளாதிருப்பது நோக்கம்.

உலோகமற்ற தூய இடமொன்றை முதலில் தேர்ந்து, சுருளை முழங்கால் உயரத்தில் நிலத்துக்கு நேராகப் பிடித்து, தரைக்கு அருகே தாழ்த்தி மீளவும் உயர்த்தவேண்டும். தாழ்த்துகையில் ஒலி பெருகினால் மண் பேசுகிறது என்று பொருள். திருகியை ஒரு பக்கம் திருப்பவேண்டும். தாழ்த்துகையில் ஒலி தேய்ந்தால் திருத்தம் மிகுந்துவிட்டது; மறுபக்கம் திருப்பவேண்டும். ஏறினும் இறங்கினும் ஒலி ஒரே நிலையில் நிற்கும்வரை இவ்வாறு செய்வது பழைய முறை. புதிய கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு சுருளைத் தாழ்த்தினாற் போதும். கருவி தானே கற்றுக்கொள்ளும்.

அது கற்றுக்கொள்வது எதனை? மறுமொழி வரும் காலத்தை. காந்தக்கல்லின் மணிகள் சுருளின் புலத்தோடு உடனுக்குடன் அசைந்து விடைதரும். உலோகத்துள் எழும் சுழியோட்டமோ சற்றே பிந்தி விடைதரும். உடன்வரும் விடையைத் தள்ளிப் பிந்திவரும் விடையைக் கொள்வதே சமனாக்கத்தின் உட்பொருள். வெப்பநாட்டுச் செம்மண்ணில் ஒரு சூழ்ச்சி உண்டு. அதிலுள்ள மிக நுண்ணிய இரும்பு மணிகள், கண்ணுக்கும் சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் புலப்படாத அளவின, உடன் விடைதராமல் அவையும் சற்றுப் பிந்துகின்றன. பிந்தும் மண், சிறிய உலோகத்துண்டு போலவே நடிக்கிறது. பிளாத்திக்கு உறைகொண்ட மிதிவெடியில் உலோகம் என்று இருப்பது பெரும்பாலும் அடிக்கும் ஊசியும் அதனைச் சார்ந்த சிறு உறுப்புக்களுமே. இவ்வளவு சிறு குரலுடைய ஒன்றைத் தேடுமிடத்து மண்ணும் அதே குரலிற் பேசுமாயின் தேடுவோரின் நிலை என்னாகும் என்பதை வாசகர் எண்ணிக்கொள்க. அவுஸ்திரேலியாவின் பொன்வயல்களிலும் இதே தொல்லை இருந்தது. அத்தேயத்து மினிலாப் நிறுவனம் 1985 இல் தோன்றிய பின்னர் இத்தகைய மண்ணுக்கென்றே கருவிகளை வளர்த்தெடுத்ததும், அவ்வறிவு பிற்காலத்திற் கண்ணிவெடி தேடும் கருவிகளுக்குச் சென்றதும் அத்தொல்லையின் பயனே.

மாணவர் சொன்ன மற்றொன்றை நான் மறவேன். மிகையாகச் சமன்செய்தாலும் கேடு. தூய இடம் என்று நம்பிய இடத்தில் ஓர் ஆணி கிடந்தாலும் கேடு. முன்னையதில் கருவியின் செவி மந்தமாகும். பின்னையதில் கருவி ஆணியையே மண் என்று கற்றுக்கொள்ளும்; பின் ஆணியளவான எதனையும் கண்டு வாளாவிருக்கும். புதையல் தேடுவோரும் பொழுதுபோக்குவோரும் கையாளும் சில கருவிகள் நடக்கநடக்கத் தாமே ஓயாது சமன்செய்வன. மெலிந்த குரலுடைய உலோகத்தின்மேல் மெல்ல நகர்ந்தால் அவை அதனையும் மண்ணென்று விழுங்கிவிடுவதுண்டு. ஆதலாற் சமன்செய்தவுடன் வேலையைத் தொடங்குவதில்லை. அளவறிந்த ஒரு சோதனைத் துண்டை அதே மண்ணிற் குறித்த ஆழத்தில் வைத்து, கருவி அதனைக் கேட்கிறதா என்று பார்த்த பின்னரே காணிக்குள் முழந்தாளிடுவர்.

ஊவா மாகாணத்தவன் ஆகையால் எங்கள் நிலத்தை வைத்துச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறேன். பதுளை, பசறை, நமுனுகுலை, அப்புத்தளைத் தோட்டங்கள் குறிஞ்சி நிலம். நமது மலைப்பாறைகளுள் சார்னொக்கைற்று எனப்படும் கருநிறக் கல்லும் உண்டு. அதனுள் மக்னடைற்று மணிகள் விரவியிருக்கும். மேல்மண்ணை மழை அரித்துப்போன தேயிலை மலையில், ஒரு நிரைக்கும் மறு நிரைக்கும் இடையிலேயே மண் மாறிவிடும். பாதை வெட்டிய இடத்தில் அடிமண் வெளிவந்திருக்கும். கானிலே சரிந்த மண் தேங்கியிருக்கும். சரிவிற் சுருளை மண்ணுக்கு ஒரே தூரத்திற் பிடிப்பதும் அரிது. ஒரு விளிம்பு தாழ்ந்தாலே ஒலி பிறழும். ஊவாவின் பற்றனைப் புல்வெளிகள் வறண்ட மாதங்களில் எரிவதை யாவரும் கண்டிருப்போம். தீ மேய்ந்த மேல்மண் காந்தத்தன்மை மிகுவது அறிஞர் கண்ட உண்மை. எரிந்த பற்றனையும் எரியாத பற்றனையும் கண்ணுக்கு அடுத்த மழையோடு ஒன்றாகிவிடும்; கருவிக்கு அவ்வாறன்று.

லயத்தைச் சுற்றிய நிலமோ வேறு கதை. நூற்றாண்டுக்கு மேலாக அடுப்புச் சாம்பலும், கூரைத்தகரத்தின் துண்டுகளும், தேயிலைப் பெட்டியின் தகட்டுப் பட்டிகளும், ஒடிந்த முள்ளும், தேய்ந்த கவ்வாத்துக் கத்தியும் அங்கே மண்ணாகிவிட்டன. அங்குக் கருவியைக் கொண்டுசென்றால் அது ஓயாது பேசும். அப்பேச்செல்லாம் எம்மவர் வாழ்ந்த வரலாறேயன்றிப் பிறிதில்லை. ஊவாவை அடுத்த பலாங்கொடைப் பக்கத்திற் சமனலவெவவில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய பழைய உலைகளைக் கில் யூலெப் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1996 இல் உலகறியச் செய்தார். மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் அமைந்த அவ்வுலைகளை நடத்தியோர் எறிந்த கிட்டம் இன்னும் மண்ணிற் கிடக்கிறது. அதுவும் கருவிக்கு ஒரு பொய்க்குரலே.

இப்பொய்க்குரலை நம்பிக் கெடுவோர் புதையல் தேடிகள். மண் முனகியதைப் பொன் அழைத்ததாகக் கொண்டு நள்ளிரவிற் குழி தோண்டுவோரைக் கருவியோடு பொலிசார் பிடித்த செய்தி எங்கள் மாகாணத்திலிருந்தும் வருவதுண்டு. உரிமம் இன்றித் தொல்பொருள் தேடி அகழ்தலை 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தடைசெய்கிறது. மொணராகலை மாவட்டத்து மாளிகாவிலைக்கு அருகே தம்பேகொடைப் போதிசத்துவர் சிலை புதையல் தேடிகளாற் சிதைக்கப்பட்டுத் துண்டுகளாய்க் கிடந்து, பின்னரே எடுத்து நிறுத்தப்பட்டது. இதற்குமேல் இவர்களைப் பற்றி எழுதுதல் தாளுக்குக் கேடு.

மலையிறங்கி வெல்லசைக்கும், அப்பால் வன்னிக்கும் சென்றால் முல்லை நிலம். அங்குள்ள செங்கபில மண் மலைமண்ணைப்போல இடத்துக்கிடம் மாறாவிடினும், சரளைக்கல் விரவிய இடங்களிற் கருவி அதட்டும். சேனை எரித்த காணியும் எரிக்காத காணியும் அடுத்தடுத்துக் கிடக்கும். மருத நிலம் ஓரளவு சாந்தமானது. நீர் தேங்கிய வயலிலே இரும்பு கரைந்து அகன்று மண் சாம்பல்நிறமாவதால் அங்கே மண்ணின் குரல் தாழும். ஆனால் வயலுக்கு இசைவித்த கருவியோடு வரப்பில் ஏறுதல் கூடாது. வரப்பு வேற்று மண். மழைக்கு முன் செய்த சமன் மழைக்குப் பின் செல்லாது; காலையிற் செய்தது உச்சிவெயிலிற் கருவி சூடேறியபின் ஐயத்துக்குரியது. பெரும்பொழுதும் சிறுபொழுதும் என்று நம் முன்னோர் வகுத்தமை இங்கே பயன்படுவதைக் கேட்டபோது, தமிழாசிரியன் என்ற முறையில் மனத்துள் ஒரு சிறு செருக்கு எழுந்ததை மறைப்பானேன்.

நெய்தலில் இடர் இரும்பன்று, உப்பு. உவர்நீர் ஊறிய மணல் தானே மின்னைச் சிறிது கடத்துவதால் அதுவும் உலோகம் போலச் சுழியோட்டம் காட்டும். ஆனையிறவுப் பரவைக்கடலை அண்டிய நிலங்கள் இத்தன்மையன. கிழக்குக் கரையிற் புல்மோட்டைக் கருமணலிலோ இல்மனைற்று என்னும் கனியமும் சேர்ந்துகொள்ளும். செம்மண்ணுக்கு வைத்த நிலையைக் கடற்கரைக்கு வைக்க இயலாது. இரண்டும் திருகியின் எதிரெதிர்ப் பக்கங்கள் என்றார் மாணவர்.

ஐந்தாம் நிலத்துக்குத் தொல்காப்பியத்திற் தனி மண் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும். முகமாலையைப் பற்றி மாணவர் சொல்லிக்கொண்டிருக்கையில் என் உள்ளம் அவ்விடத்துக்கே சென்றது. 2000 ஆம் ஆண்டு முதல் 2009 வரை போரின் முன்னரங்காக நின்ற மண் அது. தென்னையும் பனையும் நின்ற அந்நிலத்தில் இருதரப்பும் நிரைநிரையாக மிதிவெடிகளைப் புதைத்தன. எறிகணைச் சிதறல், சன்னக்கோது, முட்கம்பி, பதுங்குகுழித் தகரம் என்று ஒவ்வோர் அடிமண்ணிலும் இரும்பு. மண்ணின் குரலை அடக்கக் கருவிக்குக் கற்பிக்கலாம். இச்சிதறல்களோ மண்ணல்ல, உண்மையான உலோகமே. அவற்றை அடக்கினால் வெடியின் குரலும் உடன் அடங்கும். எனவே இத்தகைய காணிகளிற் கருவியை ஒருபுறம் வைத்துவிட்டு, நீண்ட கைபிடியுள்ள வாரிகளால் மண்ணைச் சிறிதுசிறிதாகச் சுரண்டி எடுக்கும் முறையை இலங்கையிற் பெரிதும் கையாண்டிருக்கின்றனர். கருவியால் ஆகாததைக் கை செய்கிறது. ஒரு நாளிற் கடக்கும் நிலமோ ஒரு பாயளவு, இரு பாயளவே.

இத்தொழில் வடக்கிற் போர்நிறுத்தம் வந்த 2002 அளவிற் பரவலாகத் தொடங்கிற்று. இராணுவத்தினரோடு ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ் முதலிய அமைப்புக்களும் இதில் ஈடுபட்டுள்ளன. பணியாளருட் பெண்கள் கணிசமானோர். போரிற் கணவரை இழந்தோரும் அவர்களுள் உளர். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரிற் சேர்ந்தது. அதன்படி அறிந்த வெடிநிலங்கள் யாவற்றையும் துப்புரவாக்குதற்கு வகுத்த முதற்கெடு 2028 யூன் முதலாம் நாள். கெடுவைப் பற்றி வினவியபோது மாணவர், 'திகதி மேலே இருக்கிறவங்களுக்கு, சேர். எங்களுக்கு இன்னைக்குக் கயிறு கட்டின அளவுதான்' என்றார்.

மலையகத்தவர் இதிற் சேர்வதற்கு ஒரு காரணமும் உண்டு. அது வேலையில்லாமை மட்டும் அன்று. 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின்னர்த் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி முதலான இடங்களுக்குச் சென்று காடு வெட்டிக் குடியேறியவர் பலர். போர் அவர்களை அங்கிருந்தும் பெயர்த்தது. மீண்டு வந்தபோது சிலருடைய காணியின் எல்லையிற் சிவப்புப் பலகை நின்றது. தேயிலை மலையில் ஒரு பேர்ச்சு நிலமும் சொந்தமில்லாதிருந்த குடும்பங்களுக்கு முதன்முதல் வாய்த்த மண் அது.

மாணவர் இறுதியாக வேலைசெய்த காணியும் அத்தகையதே. உரிமையாளராகிய மூதாட்டி லுணுகலைத் தோட்டமொன்றிலிருந்து 1977 இன் பின் சென்றவராம். நாள்தோறும் கயிற்றுக்கு அப்பால் வந்து நின்று, மரவள்ளி நடலாமா என்று கேட்பாராம். இவர்கள் காணியை முடித்து, மேற்பார்வையாளர் மறுபடி சோதித்து, பத்திரம் எழுதிக் கொடுக்கும்வரை நடக்கூடாது என்று சொல்லியனுப்புவர். பெரும்பகுதி செம்மண், கிணற்றடியில் மட்டும் வெண்மணல் கொட்டியிருந்தது. அவ்விரண்டும் சேரும் இடத்தில் நான்கு முழ அகலத்துக்குக் கருவி ஒரு நிலையிலும் நில்லாமையால் அத்துண்டை மட்டும் வாரியாற் சுரண்டினராம். ஒரு முழு நாளும் மறுநாட் காலையும் சென்றன. அங்கே அகப்பட்டது ஒரு மண்வெட்டியின் பூண். மூதாட்டி அதனைக் கையில் வாங்கிப் பார்த்து, தம் கணவருடையது என்றாராம்.